ஒரே திரையில் இரண்டு மஃரிப்

சென்ற வாரம் சின்னவள் மத்ரஸா விட்டு வந்து, கால் கழுவ முன்பே ஒரு பகிடி சொன்னாள். கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் ஒரு முஅத்தின் இருக்கிறாராம். பசி தாங்காமல் சூரியன் மறைய முன்பே பாங்கு சொல்லி, ஊர் முழுவதன் நோன்பையும் முறித்தவராம். 'அவசரக்கார முஅத்தின்' என்று பெயராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூத்தவனும் சிரித்தான். நடுவிலான், "அவர் பாங்கு சொல்லக்குள்ள வாயில வடை இருந்ததாம்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான்.

நான் எழும்பி வெளியே போய்விட்டேன். "ஒரு பகிடிக்கு இவ்வளவு கோபமா?" என்று உங்கள் உம்மா கேட்டார். ஓம், கோபம்தான். அன்றைக்கு வாயில் சொல் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அந்த மனிதருக்குப் பசியும் இல்லை, அவசரமும் இல்லை. அந்த நோன்பை முறித்தவன் உங்கள் வாப்பா.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். தில்லையடியில் நம் கடையில் டீவி, ரேடியோ திருத்திக்கொண்டே, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினேன். முதன்முதல் செய்தது நம் பள்ளிவாசலுக்கு ஒரு நேரத் திரை. பழைய டீவி ஒன்று, அதன் முதுகில் உள்ளங்கையளவு சின்னக் கொம்பியூட்டர். ஐந்து வேளைத் தொழுகை நேரமும் அதில் தானாக வரும். பாங்கு நேரத்தில் மணி அடிக்கும். மௌலவி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு எனக்குப் பல காலம் போதுமாக இருந்தது.

ஆனால் முதல் நாளே ஒரு பிழை விட்டேன். மஃரிப் நேரத்துக்காகச் சூரியன் மறைவதைக் கணக்குப் பார்க்கும்போது, அதன் நடுப்பகுதி அடிவானத்துக்கு வரும் நேரத்தை மறைவு என்று எடுத்துவிட்டேன். அது பிழை. மேல் விளிம்பும் மறைந்தால்தான் மறைவு. அதோடு, காற்று ஒளியை வளைத்து, கீழே போன சூரியனையும் கொஞ்ச நேரம் மேலே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து மூன்றரை நிமிடத்துக்குக் கிட்ட வரும். பள்ளிச் சுவரில் தொங்கிய நேர அட்டவணையோடு ஒத்துப் பார்த்தபோது என் மஃரிப் ஒவ்வொரு நாளும் முந்திக்கொண்டு நின்றது.

கணக்கின் அடியிலே போய்த் திருத்தியிருக்க வேண்டும். நான் செய்ததோ, அந்த வரியின் கடைசியில் 'கூட்டு நான்கு' என்று போட்டது. நேரம் சரியாக வந்தது. அத்தோடு விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஃரிப் நேரம் அந்தப் புரோகிராமுக்கு மூன்று இடத்தில் தேவைப்பட்டது: திரையில் காட்ட, மணி அடிக்க, தொழுகை தொடங்கும் இகாமத்துக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ண. ஒரு இடத்தில் கணக்குப் பார்த்து மற்ற இரண்டும் அதையே கேட்டு வாங்கும்படி செய்திருக்கலாம். நான் அந்தக் கணக்கையே கொப்பி பண்ணி மூன்று இடத்திலும் ஒட்டினேன். மூன்றிலும் 'கூட்டு நான்கு' போட்டேன். சுகமான வேலை அது. ஒரு விரலால் எடுத்து ஒரு விரலால் ஒட்டுவது.

பிறகு இரண்டாவது பள்ளிவாசலும் ஒரு திரை கேட்டது. திரையைக் கொண்டுபோய்ச் சுவரில் பூட்டுகிற வேலையும் ஊர் ஊராக ஆள் பிடிக்கிற வேலையும் உங்கள் மாமாவுடையது. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கடை வாசலில் நின்று சொல்வார்:

"மச்சான், அதே சாமான்தான். இஷாவுக்கு இகாமத் மட்டும் பதினஞ்சு நிமிஷமாம். கொப்பி பண்ணு, ஒரு வரியை மாத்து, முடிஞ்சுது."

முடிந்துதான் போனது. முழுப் புரோகிராமையும் கொப்பி பண்ணி, ஒரு வரியை மாற்றி, புது ஃபோல்டரில் வைத்தேன். மூன்றாவது பள்ளிக்கு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் லுஹர் என்ற இடத்தில் ஜும்ஆ என்று வர வேண்டும். கொப்பி. நான்காவது பள்ளிக்குக் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது திரை அணைய வேண்டும். கொப்பி. இன்னொரு பள்ளிக்குப் பேணுதலுக்கு, நேரம் வந்தது உறுதியாகட்டும் என்று, ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். அதற்கும் கொப்பி. என் ஃபோல்டர்களின் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: 'புதுசு', 'புதுசு இரண்டு', 'கடைசி', 'கடைசி சரியானது', 'கடைசி சரியானது மாமா சொன்னது'. இப்படிப் பதினேழு பள்ளிக்குப் பதினேழு.

ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரே சிக்கல். இது நோன்பு மாதமா, ஆமென்றால் வெள்ளிக்கிழமையா, ஆமென்றால் குத்பா நேரமா, இல்லையென்றால் இன்னது, அதுவும் இல்லையென்றால் இன்னது என்று கேள்விக்குள் கேள்வியாகப் போகும். உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது. எழுதிய எனக்கே தெரியாது. ஒரு பள்ளியில் ஒரு பிழை கண்டால் அதே பிழையைப் பதினேழு இடத்தில் தேடித் திருத்த வேண்டும். பன்னிரண்டில் திருத்துவேன். கடையில் ஆள் வந்து நிற்பார். மிச்சம் மறந்துபோகும்.

எனக்கு ஏசத் தோன்றுவது இதைத்தான். சோம்பலில் செய்கிறோம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே அதற்குக் கெட்டித்தனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பதினேழாவதுதான் அந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளி. அங்கே நிர்வாகத் தலைவர் ஒரு ஹாஜியார், படகுகள் வைத்திருப்பவர். போன வருடம் ரமழானுக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமாவிடம் கேட்டனுப்பினார்: நோன்பு திறக்க இன்னும் எத்தனை நிமிடம் என்று பெரிய சிவப்பு எண்ணில் குறைந்துகொண்டே வர வேண்டும், பூச்சியம் வந்ததும் மணி அடிக்க வேண்டும், பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

அவசரத்தில் மஃரிப் கணக்கை நான்காவது தடவையாக ஒட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? 'புதுசு' என்ற ஃபோல்டரிலிருந்து. எல்லாவற்றிலும் பழையது அதுதான். 'கூட்டு நான்கு' போடுவதற்கு முந்திய முதல் நாள் பிரதியொன்று அதில் அழிக்காமல் கிடந்தது. மணியையும் அந்தச் சிவப்பு எண்ணோடு சேர்த்துவிட்டேன். சிவப்பு எண் குறைகிறதா என்று பார்த்தேன். குறைந்தது. அழகாகவும் இருந்தது. வேறெதையும் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளியில் பாங்கு சொல்பவர் முன்பு உப்பளத்தில் வேலை செய்தவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர். கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்து அறையில் மனைவியோடு இருந்தார். திரை வர முன்பு மஃரிப் நேரத்தில் பள்ளியின் பின்மதிலடிக்குப் போவார். அங்கிருந்து பார்த்தால் கடல். சூரியன் முழுதாக இறங்கியதைக் கண்ணால் கண்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்து, பிறகுதான் உள்ளே வந்து பாங்கு சொல்வார். திரை பூட்டிய பிறகு நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய திரை இருக்க இவர் ஏன் மதிலுக்கு ஓடுகிறார் என்று கேட்டு, திரைக்குக் கீழே ஓர் அறிவித்தலை ஒட்டினார்கள்: 'பாங்கு திரையில் காட்டும் நேரத்துக்கு மட்டுமே சொல்லப்படும். நிர்வாகம்.'

முதல் நோன்பு. பின்னேரம் எல்லோரும் கஞ்சிக் கோப்பையோடு பாயில் இருக்கிறார்கள். சிவப்பு எண் குறைகிறது. பூச்சியம். மணி அடித்தது. முஅத்தின் எழும்பிப் பாங்கு சொன்னார். ஊர் ஈத்தம்பழத்தை வாயில் வைத்தது.

அந்த நேரம் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், கடலுக்கு மேலே, சூரியன் முழுதாக நின்றது. "டேய், சூரியன் இன்னும் தண்ணியில முட்டவே இல்ல, என்னடா பாங்கு!" என்று ஒருவர் கத்திக்கொண்டு மணலில் ஓடி வந்தார். அவர் பள்ளி வாசலுக்கு வரும்போது கஞ்சியில் பாதி முடிந்திருந்தது. அடுத்த ஊர்ப் பாங்கு நான்கு நிமிடம் பிந்திக் கேட்டது. கேட்டதும் பள்ளிக்குள் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லையாம். பள்ளியில் இருந்தவர்கள், ஒலிபெருக்கியைக் கேட்டு வீட்டில் நோன்பு திறந்த பெண்கள், அன்றைக்கு முதல் நோன்பு பிடித்த பிள்ளைகள், எல்லோருடைய நோன்பும் போனது. அதற்குப் பதிலாகப் பிறகு ஒரு நாள் நோன்பு பிடித்துக் கழாச் செய்ய வேண்டும்.

ஹாஜியார் எழும்பினார். திரையின் ஓரத்தில், வழமையான வரிசையில், சின்ன எழுத்தில் மஃரிப் நேரம் சரியாகவே நின்றது. 'கூட்டு நான்கு' போட்ட இடம் அது. அதைக் கையால் காட்டி, ஜமாஅத் முழுவதற்கும் முன்னால் கேட்டார்: "இந்தா சரியான நேரம் இரிக்கி. ஒங்களுக்குக் கண் தெரியாதா?"

நாளையிலிருந்து பாங்கு சொல்ல வேண்டாம் என்றார்கள். பெருநாள் முடிய அறையையும் விட வேண்டும் என்றார்கள்.

இதை எனக்கு அடுத்த நாள் காலை கொண்டுவந்தவர் உங்கள் மாமா. சந்தோசமாகத்தான் வந்தார்.

"மச்சான், ஒரு சின்னப் பிரச்சினை வந்து, அதுவும் முடிஞ்சுது. நேத்து அந்தப் பள்ளியில முஅத்தின் நேரத்தோட பாங்கு சொல்லிட்டாராம். ஆளை நிப்பாட்டியாச்சு. திரை சரியாத்தான் இருந்ததாம். ஹாஜியாரே சொன்னார். நமக்கு ஒண்டும் இல்ல."

ஃபோல்டரைத் திறந்தேன். கண்டுபிடிக்கக் கனநேரம் எடுத்தது. என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். நானே எழுதியதில், நானே விட்ட பிழையை, ஒரே மாதிரி நான்கு துண்டுகளுக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினேன். நான்கிலும் கண் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றில் மட்டும் 'கூட்டு நான்கு' இல்லை.

"பிழை என்ட" என்று, காத்திருந்த மாமாவிடம் சொன்னேன்.

மாமா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "சத்தம் போடாத. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு உலகத்துல உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு வரியைச் சரியாக்கு, நான் இண்டைக்கே போய் மாத்திட்டு வாறன். நாலு நாளையில எல்லாரும் மறந்துடுவாங்க."

"முஅத்தின் மறப்பாரா?"

"நீ போய்ச் சொன்னா மறுகா பதினேழு பள்ளியும் திரையைக் கழட்டித் தா எண்டு வாசல்ல வந்து நிக்கும். உனக்கு மூணு பிள்ளைகள் இருக்கு."

உங்களைக் காட்டித்தான் என்னை அடக்கப் பார்த்தார். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

லுஹர் தொழுதுவிட்டு பஸ் ஏறினேன். பாலாவியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போகிற வழியெல்லாம், சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றுகிற மாதிரி ஒரு சொல் உள்ளே வந்தது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு தடவை வந்தது. கோளாறாம்! மழையில் நனைந்ததா, மின்னல் அடித்ததா? ஒரு மனிதன் ஒட்டினான், பார்க்காமல் விட்டான். அதற்கு ஏன் அவ்வளவு பெரிய பெயர்?

பின்னேர அஸர் தொழுகை முடிந்து நிர்வாகத்தார் ஐந்து பேர் வராந்தாவில் இருந்தார்கள். முஅத்தின் தூரத்தில், கடைசித் தூணடியில் இருந்தார். பாங்கு சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் பாய் விரிக்க அவரைத்தான் விட்டிருந்தார்கள்.

"ஹாஜியார், முந்தாநாள் பின்னேரம் வரைக்கும் உங்கட முஅத்தின்ல ஒரு பிழையும் இல்ல. நேத்தும் இல்ல. பிழை என்ட."

"உட்காருங்க தம்பி. திரை நல்லா வேலை செய்யிது. நாங்க ஒங்களைக் குத்தம் சொல்லல்லயே."

"சொல்லுங்க எண்டுதான் வந்திருக்கிறன்."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "குத்தத்தைக் கேட்டு வாங்குறதுக்கு பஸ் ஏறி வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

தாளில் சூரியனை வரைந்து காட்டினேன். சின்ன நேரம் ஒரு கணக்கு, சிவப்பு எண் இன்னொரு கணக்கு, இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒன்றில் நான்கு நிமிடம் விடுபட்டது என்று விளக்கினேன். எல்லோரும் கேட்டார்கள். ஹாஜியார் தாளைத் திருப்பித் தந்தார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா சரியான நேரமும் அந்தத் திரையிலேயே இரிந்திச்சே. அதைப் பார்க்கிறது இவர்ட கடமைதானே?"

எனக்குப் பொறுமை போனது அந்த இடத்தில்தான். நோன்பு வாயோடு சத்தம் போட்டது சரியில்லை. ஆனால் போட்டேன்.

"சின்ன நேரம் ஒரு விரல் அளவு. சிவப்பு எண் ஒரு முழம். பின்வரிசைக்கும் தெரியோணும் எண்டு கேட்டது நீங்க. மணியை அதோட சேர்க்கச் சொன்னது நீங்க. மதிலடிக்குப் போகாத, திரையை மட்டும் பார் எண்டு கீழ ஒட்டி வச்சிருக்கிறது நீங்க. அவர் நீங்க சொன்னதை அப்படியே செய்தார் ஹாஜியார். செய்ததுக்குத்தான் அவருக்குத் தண்டனை. நான் செய்யவேண்டியதைச் செய்யல்ல. எனக்குத் 'திரை நல்லா வேலை செய்யிது'!"

தூணடியிலிருந்து முஅத்தின் எழும்பி வந்தார். அவர் கோபமாக இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நேத்துப் பின்னேரம் மதிலடிக்குப் போகத்தான் எழும்பினன் தம்பி. கண்ணுக்கு முன்னால அறிவித்தல் இரிக்கி. மறுபடி ஏன் ஏச்சு வாங்கோணும் எண்டு இரிந்திட்டன்." பிறகு கேட்டார்: "எனக்கு ஒண்டு விளங்கல்ல. ஒரு மஃரிபை எத்தினை இடத்துல எழுதி வச்சிரிக்கிறீங்க?"

"இந்தப் பள்ளியில நாலு இடத்துல."

"மத்தப் பள்ளியெல்லாம் சேர்த்து?"

மனதில் கூட்டிப் பார்த்தேன். "அம்பதுக்கு மேல வரும்."

"என்னத்துக்கு?" என்றார். "சூரியன் ஒண்டுதானே."

இந்த வேலை பழக நான் பார்த்த வீடியோக்களில் இதையேதான் நீட்டி நீட்டிச் சொன்னார்கள். அப்போதெல்லாம் தலையாட்டிவிட்டுக் கொப்பி பண்ணினேன். அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "சரி. நடந்தது நடந்திட்டு. அந்த ஒரு வரியை மட்டும் இப்பவே திருத்திட்டுப் போங்க. மத்தது ஒண்டுலயும் கை வைக்காதீங்க. ஓடுறது ஓடட்டும். இவர்ட விஷயத்தை நாங்க யோசிப்பம்."

ஓடுறது ஓடட்டும்! இந்தச் சொல்லைப் போல என்னை எரிச்சலாக்குகிற சொல் வேறில்லை. முந்தைய நாள் ஓடியதும் அதுதான். நன்றாகத்தான் ஓடியது, நான்கு நிமிடம் முந்தி ஓடியது. ஒட்டுக்கு மேல் இன்னோர் ஒட்டுப் போட்டுவிட்டுப் போனால் அடுத்த வருடம் வேறொரு பள்ளியில் வேறொரு மனிதர் தூணடியில் இருப்பார்.

நான் திரைக்குப் பின்னால் போய்க் கொம்பியூட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். திரை கறுத்தது.

"என்ன செய்யிறீங்க? இன்னும் கொஞ்சத்துல மஃரிப்!" என்றார் ஹாஜியார்.

"சரியா எழுதிட்டுத்தான் திரும்பக் கொண்டு வருவன். அதுவரைக்கும் சூரியன் மறையுறதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உங்களிட்ட இருக்கிறார். அவரை ஏன் நிப்பாட்டி வச்சிருக்கிறீங்க எண்டு நீங்கதான் சொல்லோணும்."

வெயில் மஞ்சளாகி மதிலில் ஏறியிருந்தது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஹாஜியார் முஅத்தினைப் பார்க்காமலே, "போய்ப் பாருங்க" என்றார்.

அவர் மதிலடிக்குப் போனார். அன்றைக்கு அந்தப் பாங்கைக் கேட்டுத்தான் நானும் நோன்பு திறந்தேன்.

அந்த ரமழானில் விடியலில் ஸுபஹ் தொழுதது முதல் லுஹர் வரைக்கும் கடையைத் திறக்காமல் வேலை செய்தேன். உம்மாவுக்கு நினைவிருக்கும். பதினேழையும் ஒன்றாக்கினேன். மஃரிபைக் கணக்குப் பார்ப்பது ஒரே ஓர் இடம். அடியிலிருந்த பிழையைத் திருத்தி 'கூட்டு நான்கை' அழித்தேன். திரை, மணி, இகாமத், சிவப்பு எண் எல்லாம் அந்த ஓர் இடத்தில் கேட்டு வாங்க வேண்டும். கேள்விக்குள் கேள்வியாகச் சிக்கிக் கிடந்ததைப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் ஒரு வேலை மட்டும் செய்யும்படி வைத்து, அது செய்யும் வேலையையே அதற்குப் பெயராக வைத்தேன். இஷா இகாமத் எத்தனை நிமிடம், குத்பாவுக்குத் திரை அணைய வேண்டுமா, பேணுதல் நிமிடம் எத்தனை, இவை மட்டும்தான் பள்ளிக்குப் பள்ளி வேறு. அவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சின்னப் பட்டியலாக வெளியே எடுத்து வைத்தேன். பிறகு, அச்சடித்த அட்டவணையில் உள்ள வருடம் முழுவதன் நேரங்களையும் கையால் ஏற்றி, ஒவ்வொரு நாளையும் ஒத்துப் பார்க்கும் வேலையைக் கொம்பியூட்டரிடமே கொடுத்தேன். என் கண்ணை இனி நான் நம்புவதில்லை.

பிரிக்கப் பிரிக்கத்தான் பழைய குப்பை தெரிந்தது. ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை மட்டும் இகாமத் ஒரு நிமிடம் பிந்தியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு பள்ளியில் பேணுதல் நிமிடத்தை இரண்டு தரம் கூட்டியிருக்கிறேன். யாராவது கேட்டிருந்தால் அங்கேயும் பழி முஅத்தினுக்குத்தான் போயிருக்கும். திரை என்றால் சரி, மனிதன் என்றால் பிழை என்று எல்லோரும் முதலிலேயே முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாமா ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நின்று ஏசினார். "ஓடுறதைப் பிரிச்சு வச்சிருக்கிற. பதினாறு பள்ளி ஒண்டும் கேட்கவும் இல்ல. நோன்போட வெயில்ல நான் பதினேழு இடத்துக்கு ஓடோணும்."

"இதுதான் கடைசி ஓட்டம் மச்சான். இதுக்குப் பிறகு ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துக்கும் போனாலேயே அனுப்பலாம்."

"அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார். அதில் பாதி பகிடி, பாதி பயம். ஆனால் ஓடினார். பதினேழு பள்ளிக்கும் போய்ப் பூட்டிவிட்டுத்தான் வந்தார். அதை நான் மறக்கவில்லை.

அதற்கடுத்த ஜும்ஆவில் அந்தப் பள்ளியில் அறிவித்தார்களாம்: நடந்த தவறுக்காக நிர்வாகம் முஅத்தினை மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. இதை அவரே போனில் சொன்னார்.

"மன்னிச்சாங்களா? என்னத்துக்கு மன்னிப்பு?" என்று கத்தினேன்.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டிரிக்கன்" என்றார். "அறை இரிக்கி, பாங்கு இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ். ஆனா கடைக்குப் போனா, 'முஅத்தின் நானா, இண்டைக்கு மஃரிப் எத்தினை மணிக்கு?' எண்டு கேட்டுச் சிரிக்கிறானுகள்."

நான் வந்து ஜமாஅத்துக்கு முன்னால் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். ஒரு நாள் சொல்வதை ஒரு கிழமையில் மறந்துவிடுவார்கள் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிழை வந்தா ஆரைக் கேட்கிற எண்டு அதுலயே எழுதி வைக்க ஏலாதா?" என்று கேட்டார்.

ஏலும். மஃரிப் நேரத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நேரத்தில் பிழை கண்டால் முஅத்தினைக் கேட்க வேண்டாம். இதை எழுதியவனைக் கேளுங்கள்.' பக்கத்தில் என் போன் இலக்கம். ஓர் இடத்தில்தான் எழுதினேன். அடுத்த தொழுகைக்குள் பதினேழு பள்ளியிலும் வந்துவிட்டது.

ஹாஜியார் அன்றைக்கே போன் எடுத்தார். "தம்பி, அந்த வரி நல்லாயில்ல. பார்க்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க? மத்தப் பள்ளியில இரிக்கட்டும். எங்கட பள்ளியில மட்டும் எடுத்துவிடுங்க."

"ஏலாது ஹாஜியார். உங்கட பள்ளிக்கு மட்டும் எடுக்கிறதெண்டா நான் திரும்ப ஒரு கொப்பி போடோணும். நான் இப்ப கொப்பி போடுறதில்ல."

அவருக்கு விளங்கியதோ இல்லையோ, போனை வைத்துவிட்டார். மனதறிந்து சொல்கிறேன், அது முழு உண்மை இல்லை. பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினால் அந்த வரியை மறைக்கலாம். மறைக்க மனமில்லை.

அந்த வரி இன்றைக்கும் பதினேழு திரையிலும் இருக்கிறது. இரண்டு பேர் போன் எடுத்து உண்மையான பிழை சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒவ்வோர் இடத்தில் திருத்தினேன். அவர் இப்போதும் மஃரிபுக்கு மதிலடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். ஒட்டியிருந்த அறிவித்தலை யாரோ கிழித்துவிட்டார்கள். யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் பகிடி மட்டும் ஒரு வருடம் கழித்து, வாயில் வடையும் சேர்ந்து, நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. அதையும் ஒருவரிடம் இருந்து ஒருவர் சரிபார்க்காமல் கொப்பி பண்ணித்தானே கொண்டுவந்திருக்கிறார்கள்.

நாளைக்கு மத்ரஸாவில் யாராவது அதைச் சொன்னால், சின்னவள், சிரிக்க வேண்டாம். சொன்ன பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போ. திரையில் மஃரிபுக்குக் கீழே உள்ள வரியை வாசிக்கச் சொல்லு. அந்த இலக்கம் யாருடையது என்று கேட்டால், என் வாப்பாவுடையது என்று சொல்லு. சத்தமாகச் சொல்லு.